பிள்ளைத்தாய்ச்சியும் இனிப்பு நீரும்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் நம் மூத்த தாய்மாரிடம் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பதில் தவறாமல் வரும். “அந்தக் காலத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏதம்மா இனிப்பு நீர்? எட்டு மாத வயிற்றோடு கூடையைச் சுமந்து மலை ஏறினோம். லயத்திலேயே பெற்றோம். இப்போது கிளினிக்குக்குப் போனால் சீனித் தண்ணீரைக் குடிக்க வைக்கிறார்கள், ஊசியால் குத்துகிறார்கள், வியாதி இருக்கிறது என்கிறார்கள். எல்லாம் இவர்கள் கண்டுபிடித்தது.”

கண்டுபிடித்தது என்பது உண்மைதான். ஆனால் இல்லாத ஒன்றை யாரும் உண்டாக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததைக் கண்டார்கள். அதைக் காண மனிதர்களுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைத்தான் நாம் இன்று கேட்கப்போகிறோம். மூத்தவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

இனிப்பு நீர் என்று நாம் சொல்வதும், கென்சிங் மானிஸ் என்று மலாய்க்காரர் சொல்வதும், நீரிழிவு என்று புத்தகங்கள் எழுதுவதும் ஒரே நோயைத்தான். பழைய இந்திய மருத்துவர்கள் இதற்கு மதுமேகம் என்று பெயர் வைத்தார்கள். தேன் போன்ற சிறுநீர் என்று பொருள். நோயாளியின் நீரை எறும்பு மொய்ப்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். உடல் மெலிந்தவருக்கு வருவது ஒன்று, பருத்தவருக்கு வருவது மற்றொன்று என்று பிரித்தும் வைத்தார்கள். வெகு காலம் கழித்து, 1674இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் அந்த நீர் இனிக்கிறது என்று எழுதினார். 1776இல் லிவர்பூல் நகரத்து மாத்யூ டாப்சன், நீரைக் காய்ச்சி வற்றவைத்துச் சர்க்கரையையே எடுத்துக் காட்டினார். இவை எல்லாம் பொதுவாக இந்த நோயைப் பற்றியவை. கர்ப்பத்தில் மட்டும் வந்து, பிரசவத்தோடு போய்விடும் ஒரு வகை உண்டு என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அது தோன்றியது ஜெர்மனியின் பெர்லின் நகரில். 1823இல் 22 வயதுப் பெண் ஒருத்தி அங்கே மருத்துவமனைக்கு வந்தாள். அவளுக்கு அது ஐந்தாவது கர்ப்பம். தீராத தாகம். குடம் குடமாகக் குடித்தாள். குடித்ததெல்லாம் நீராகப் போயிற்று. ஹைன்ரிக் பென்னேவிட்ஸ் என்ற இளம் மருத்துவர் அவளைக் கவனித்தார். சிறுநீரைச் சோதித்தபோது அதில் சர்க்கரை இருந்தது. பிரசவம் மிகக் கடினமாயிற்று. குழந்தை 12 ராத்தல் எடை! பிரசவத்திலேயே இறந்துவிட்டது. பிறகுதான் வியப்பு. பிள்ளை பிறந்த சில நாட்களில் தாயின் தாகம் அடங்கியது, நீரிலிருந்த சர்க்கரையும் மறைந்தது. கர்ப்பத்தோடு வந்தது கர்ப்பத்தோடு போய்விட்டதே, அப்படியானால் இது கர்ப்பத்தின் விளைவாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் 1824இல் தம் ஆய்வேட்டில் எழுதினார்.

அந்த 12 ராத்தல் குழந்தையைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் லயங்களில் பெரிய பிள்ளை பிறந்தால் என்ன சொல்வோம்? ராசா மாதிரிப் பிறந்திருக்கிறான், தாய் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள் என்போம். கொழுகொழு என்றிருப்பதே ஆரோக்கியம் என்பது நம் எண்ணம். நான்கு கிலோவைத் தாண்டிய பிள்ளை தாயின் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்ததற்கு அடையாளமாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கக்கூட நமக்கு மனம் வராது. பெருமைக்குரிய இடத்தில் நோயைத் தேடுவது யாருக்குத்தான் பிடிக்கும்?

பென்னேவிட்ஸின் ஏட்டை அடுத்து வந்தவர்கள் அதிகம் பொருட்படுத்தவில்லை. 1882இல் மாத்யூஸ் டங்கன் என்ற மருத்துவர், நீரிழிவோடு நடந்த 22 கர்ப்பங்களின் விவரங்களைத் திரட்டி லண்டனில் வெளியிட்டார். படிக்க மனம் கனக்கும் பட்டியல் அது. தாய்மார் பலர் இறந்தார்கள். குழந்தைகள் பல வயிற்றிலேயே இறந்தன. ஆனாலும் அதில் இடம்பெற்றவர்கள் தாகமும் மெலிவுமாக நோய் முற்றித் தெரிந்தவர்கள். வெளியே ஒன்றும் தெரியாதவர்கள் அப்பட்டியலில் இல்லை.

1921இல் கனடாவின் டொரொன்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது நாள்வரை சாவை எதிர்நோக்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். நீரிழிவுள்ள பெண்கள் பிள்ளை பெற்றுப் பிழைப்பதும் அதன் பிறகே சாதாரணமாயிற்று. மருந்து கையில் வந்துவிட்டது. யாருக்கு மருந்து தேவை என்பது மட்டும் தெரியவில்லை.

நம் மலையின் கதை தொடங்குவதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக வந்த மலை இது. 1929இல் ரசல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் தாப்பாவிலிருந்து தார்ச்சாலை ஏறி வந்தது. பாரத் தோட்டம் 1933இல் வந்தது. காட்டை வெட்டி, சரிவில் செடி வைத்து, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். இந்தியாவிலிருந்து உதவிச் சலுகையோடு ஆள் வருவது 1938இல் நிறுத்தப்பட்டது. அதற்குமுன் வந்தவர்களின் மக்களும் பேரமக்களும்தான் இந்த மலையின் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர்.

அக்காலத்துத் தோட்ட ஆஸ்பத்திரியையும் டிரெஸரையும் எண்ணிப் பாருங்கள். மலாயாத் தோட்டங்களில் மருத்துவம் என்றால் முதலில் மலேரியா, பிறகு கொக்கிப்புழு, வயிற்றுக்கடுப்பு, சோகை. சாவு அந்த வாசல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. டிரெஸரின் கண் அங்கேயே இருந்ததில் குற்றமில்லை. இனிப்பு நீர் என்று சந்தேகம் வந்தால் அந்தக் கால வழக்கப்படி நீலநிறமான பெனடிக்ட் திரவத்தில் சில துளி சிறுநீரை விட்டுக் காய்ச்சிப் பார்ப்பார்கள். பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறமானால் மிக அதிகம். கெட்டிக்காரத்தனமான சோதனைதான். ஆனால் கர்ப்பிணியிடம் இது ஏமாற்றிவிடும். கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் சர்க்கரையைச் சற்றுத் தாராளமாகவே வெளியே விட்டுவிடுகிறது. ஆகவே நோயில்லாதவளின் நீரிலும் சர்க்கரை தெரியலாம். நோயுள்ளவளின் நீரில் தெரியாமலும் போகலாம். இரத்தத்தைச் சோதித்தால்தான் உண்மை தெரியும். லயத்திலே மருத்துவச்சி கையில் பிள்ளை பெற்றவளின் இரத்தத்தை யார் சோதித்தார்கள்?

பத்தாம் மாதம் வயிற்றில் அசைவு நின்றுபோய் இறந்து பிறந்த பிள்ளைகள் எத்தனையோ நம் தோட்டங்களில் புதைக்கப்பட்டன. கண்ணேறு என்றார்கள், காற்றுக் கருப்பு என்றார்கள், தாயின் ராசி என்று அவள் தலையிலேயே போட்டார்கள். அவற்றில் எத்தனை இனிப்பு நீரால் நேர்ந்தவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒன்றுகூட இல்லை என்றும் சொல்ல முடியாது. இனிப்பு நீர் இருந்ததில்லை என்று மூத்தவர்கள் சொல்லும்போது நமக்கு நினைவு வருவது இந்தப் பிள்ளைகளைத்தான்.

தேடாமல் தெரியாது என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒரு பொது மருத்துவமனை காட்டியது. அங்கே ஜான் ஓ’சல்லிவன் என்ற மருத்துவர் 1950களில், நோய்க்குறி உள்ளவர்கள் என்று பொறுக்கி எடுக்காமல், கர்ப்பிணிகளைப் பரவலாகச் சோதிக்கத் தொடங்கினார். தாகமில்லை, மெலிவில்லை, எந்தக் குறையும் சொல்லாத பெண்கள். அவர்களில் சிலருக்கு இரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்தது. 1964இல் 752 கர்ப்பிணிகளின் கணக்கைக் கொண்டு, இந்த அளவைத் தாண்டினால் நோய் என்று ஒரு கோட்டை வகுத்தார். அவர் அந்தக் கோட்டைப் போட்டது, இந்தத் தாய்மாரில் யாருக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் என்று தெரிந்துகொள்ள. அதாவது கர்ப்பத்துச் சர்க்கரை பிரசவத்தோடு முழுவதும் போய்விடுவதில்லை என்பதை அவர் அப்போதே சந்தேகித்தார்.

குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதை விளக்கியவர் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்து ஜோர்கன் பெடர்சன். 1952ஆம் ஆண்டுச் செய்தி. நம் வீட்டு வழக்கிலேயே சொல்லிப் பார்க்கலாம். நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் ஓடுகிறது. அந்தச் சர்க்கரை உடலின் தசைக்குள் நுழைய வேண்டுமானால் கதவு திறக்க வேண்டும். இன்சுலின் என்பது திறவுகோல். கர்ப்பத்தின் பாதிக்குமேல் நஞ்சுக்கொடி சுரக்கும் சில நீர்கள் அந்தப் பூட்டை இறுக்கிவிடுகின்றன. பிள்ளைக்குச் சர்க்கரை போய்ச் சேரவேண்டுமே என்று இயற்கை செய்த ஏற்பாடு அது. பெரும்பாலான பெண்களின் உடல் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துக்கொள்கிறது. சமாளிக்க முடியாதவளுக்குச் சர்க்கரை இரத்தத்தில் தேங்குகிறது. தேங்கிய சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே வயிற்றிலிருக்கும் பிள்ளை தானே இன்சுலினை மிகுதியாகச் சுரந்து, வந்த சர்க்கரையையெல்லாம் கொழுப்பாக்கிப் பருக்கிறது. தோள் அகன்று, பிறக்கும்போது சிக்கிக்கொள்ளலாம். தொப்புள்கொடி அறுத்தவுடன் தாயின் சர்க்கரை நின்றுபோக, பிள்ளையின் இன்சுலின் மட்டும் மிஞ்சி, அதன் இரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம். பெர்லின் நகரத்துக் குழந்தையின் 12 ராத்தலுக்கு இதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். 1986இல் மலேசிய அரசு நடத்திய முதல் தேசியச் சுகாதார ஆய்வில், 35 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 6.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. 2019ஆம் ஆண்டு ஆய்வில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 பேர், இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 பேர். மூத்தவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு என்றோமே, அது இங்கேதான். அவர்கள் காலத்தில் இந்த நோய் குறைவாகவே இருந்திருக்கும். இள வயதிலேயே பிள்ளை பெற்றார்கள். நாள் முழுவதும் சரிவில் ஏறி இறங்கினார்கள். சீனியும் டின்பாலும் அளந்துதான் கிடைத்தன. இப்போது கத்தரியும் இயந்திரமும் கொழுந்தை வெட்டுகின்றன. நம் பெண்கள் பலர் தோட்ட வேலையை விட்டுக் கடையிலும் ஹோட்டலிலும் நிற்கிறார்கள். தேயிலை நாம் வளர்த்தது. அதில் கொட்டுகிற சீனியும் டின்பாலும் மெதுவாகக் கூடிப்போனது.

ஒல்லியான பெண்ணுக்கு எப்படி இனிப்பு நீர் வரும் என்று கேட்பவர்களும் உண்டு. இந்தியாவில் பூனா நகரத்து மருத்துவர் யாக்னிக் 1990களிலிருந்து கிராமத்துத் தாய்மாரையும் பிள்ளைகளையும் அளந்து பார்த்தார். அங்கே பிறந்த பிள்ளைகள் இங்கிலாந்துப் பிள்ளைகளைவிட எடையில் மிகக் குறைவு. தசை குறைந்திருந்தது, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் உடல்வாகு பிறவியிலேயே நமக்கு இருக்கிறது என்பது இதன் பொருள். கண்ணாடியைப் பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு உழைத்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் வி. சேஷய்யா. கர்ப்பிணிகளைச் சோதிக்க உலகம் வகுத்த முறை, இரவு முழுவதும் பட்டினி கிடந்து காலையில் வரவேண்டும் என்பது. கிராமத்துப் பெண்ணால் அது முடிகிறதா என்று அவர் பார்த்தார். வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, வரிசையில் நின்று, மயங்கி விழுந்தவர்கள் உண்டு. மறுமுறை வராமல் போனவர்கள் அதைவிட அதிகம். ஆகவே அவர் ஒரு எளிய முறையை வற்புறுத்தினார். சாப்பிட்டு வந்தாலும் சாப்பிடாமல் வந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்தால் போதும். சர்க்கரை 140ஐத் தொட்டால் நோய். இம்முறையில் அவரும் உடன் உழைத்தவர்களும் தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரம் பேரளவில் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். சென்னை நகரத்தில் நூற்றுக்கு 17.8 கர்ப்பிணிகள், சிறு நகரங்களில் 13.8 பேர், கிராமங்களில் 9.9 பேர். வயல் வேலை செய்யும் கிராமத்திலும் பத்தில் ஒருத்தி! இந்திய அரசு 2014இல் இந்த முறையையே நாடு முழுவதற்கும் வகுத்துக் கொடுத்தது.

இதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. சென்னையிலேயே வேறு ஆய்வாளர்கள் இரண்டு முறைகளையும் ஒரே பெண்களிடம் செய்து பார்த்து, பட்டினியில்லாத சோதனை நோயுள்ள பலரைத் தவறவிடுகிறது என்று 2014இல் எழுதினார்கள். இருதரப்பிலும் நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. நுட்பமான சோதனைக்கு யாரும் வராவிட்டால் பயனில்லை. எல்லாரும் வந்தும் சோதனை தவறவிட்டால் அதுவும் பயனில்லை. கோட்டை எங்கே போடுவது என்பதும் எளிதான காரியமல்ல. 2008இல் ஒன்பது நாடுகளில் 23,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைக் கவனித்த ஆய்வு ஒன்று வந்தது. அதில் நம் அண்டை நாடான சிங்கப்பூரும் உண்டு. தாயின் சர்க்கரை ஏற ஏறப் பிள்ளையின் ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது, திடீரென்று தொடங்கும் எல்லை எதுவும் இல்லை என்று அது காட்டியது.

மலேசியாவில் பட்டினி முறைதான். 25 வயதானவர்களுக்கு ஆறாம், ஏழாம் மாதத்தில் சோதிப்பார்கள். தாய் தகப்பனுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இனிப்பு நீர் இருந்தால், முன்பு நான்கு கிலோவுக்கு மேல் பிள்ளை பெற்றிருந்தால், பிள்ளை இறந்து பிறந்திருந்தால், உடல் பருத்திருந்தால், முதல் வருகையிலேயே சோதிப்பார்கள். வெறும் வயிற்றில் 5.1, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 7.8, இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் இனிப்பு நீர் என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டு உறவினர் 140 என்று எழுதுவதும் நம் மிஸ்ஸி 7.8 என்று எழுதுவதும் ஒரே அளவுதான். அளக்கும் படிக்கல் வேறு. இதைத் தெரியாமல், ஊரில் நூற்று நாற்பது, எனக்கு வெறும் எட்டுத்தானே என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

பெயர் எழுதிவிட்டால் பயன் உண்டா? 2005இல் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் 1,000 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு உணவு முறையும் தேவையானவர்களுக்கு இன்சுலினும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். கவனிப்புப் பெற்ற பிரிவில் குழந்தைகளுக்குக் கடுமையான கோளாறு நூற்றுக்கு 1, மற்றதில் 4. முதல் பிரிவில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. இரண்டாவதில் ஐந்து இறந்தன.

வைத்தியத்தில் பெரும்பகுதி அடுப்படியில்தான் நடக்கிறது. இருவருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்று மாமியார் தட்டை நிரப்புவது அன்பினால்தான். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையும் முட்டைக்கோசும் பருப்பும் மீனும் வைத்தால் அன்பு குறைந்துவிடாது. காய்கறிக்குப் பெயர்போன மலையில் இருக்கிறோம். வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும்; பட்டினி கிடப்பது கூடாது. சாப்பிட்டபின் லயத்துப் பாதையில் சற்று நடப்பது நல்லது. தேத்தண்ணீரில் சீனியும் டின்பாலும் வேண்டாம். முதல் நான்கு நாள் கசக்கும். பிறகு நாம் பறித்த இலையின் மணமே தெரியத் தொடங்கும். இவற்றால் அடங்காவிட்டால் டாக்டர் மாத்திரையோ இன்சுலினோ கொடுப்பார். ஊசி பிள்ளையைப் பாதிக்குமோ என்று நம் பெண்கள் பயப்படுகிறார்கள். தாயின் இன்சுலின் பிள்ளைக்குப் போவதில்லை என்று முன்பே பார்த்தோம்.

ஒரு நாள் கூலி போகிறதே, மலைப்பாதையில் தானா ராத்தாவுக்குப் போய் வரவேண்டுமே என்ற கவலை நமக்குத் தெரியாததல்ல. சோதனைக்கு மூன்று மணி நேரமாவது அங்கே உட்கார வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் துணைக்குப் போவதும், இரண்டாம் முறை இரத்தம் எடுத்தவுடன் சாப்பிட ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போவதும் நல்லது.

பிள்ளை பிறந்தவுடன் தாய்ப்பாலைச் சீக்கிரம் கொடுக்கச் சொல்வார்கள். குழந்தையின் சர்க்கரை இறங்காமல் அது காக்கும். தாயின் சர்க்கரையும் பெரும்பாலும் இறங்கிவிடும். பென்னேவிட்ஸ் கண்டதும் அதுதான். வீட்டில் எல்லாரும், நல்லவேளை போய்விட்டது என்று இளஞ்சிவப்புப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஓ’சல்லிவன் தம் தாய்மாரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்ததோ இந்த இடத்திலிருந்துதான். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2009இல் வெளிவந்த கணக்கின்படி, கர்ப்பத்தில் இனிப்பு நீர் வந்தவளுக்குப் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்கு. ஆகவே பிரசவமான ஆறாவது வாரத்தில் மறுபடி ஒரு சோதனை உண்டு. அதே சீனித் தண்ணீர், அதே இரண்டு மணி நேரம். அதற்குப்பின் ஆண்டுக்கு ஒருமுறை.

அந்த ஆறாவது வாரத்தில் பிள்ளைத்தாய்ச்சி கைப்பிள்ளைக்காரியாகிவிடுகிறாள். பத்தியம் இன்னும் முடியவில்லை, பிள்ளை இரவெல்லாம் அழுகிறது, வெளியே குளிரும் மழையும். கிளினிக் கொடுத்த தேதி எந்த நாள் என்று அவளுக்கு நினைவிருக்காது. அதைக் கணவனோ மாமியாரோ சுவர் நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும்.